மல்லாந்து கிடந்தால் தொடாதே

அன்று காலை தீனி அறையில் சுவர்க்கோழிகள் கத்தவில்லை.

வேறு யாருக்கும் இது ஒரு சேதியே இல்லை. சுவர்க்கோழி கத்தினால்தான் மனிதர்கள் செருப்பைத் தேடுவார்கள். ஆனால் பூச்சிக் காட்சியகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த இரைச்சல் மின்விசிறிச் சத்தம் மாதிரி. ஓடும்வரை காதில் விழாது, நின்றால் தூக்கிவாரிப் போடும். சிலந்திக்கும் தேளுக்கும் பூரானுக்கும் தீனியாக வளர்க்கும் அந்தச் சுவர்க்கோழிகள், வழவழப்பான உயரமான பிளாஸ்டிக் தொட்டிகளில், முட்டை அட்டைகளின் இடுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் மொய்த்துக்கொண்டு, பின்பக்க நடைவழியின் கடைசி அறையை எந்நேரமும் ரீங்காரத்தால் நிறைத்து வைத்திருக்கும். நடைவழிக் கதவைத் திறந்ததுமே அந்தச் சத்தமும், ஊறிப்போன அட்டையும் தவிடும் கலந்த புளித்த வாடையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். இன்று வாடை மட்டும் வந்தது.

கேரட் பையைப் பிடித்தபடி அவள் நின்றாள். சுவர்க்கோழிகள் மொத்தமாக வாயடைத்துப்போவது ஒரே ஒரு சமயத்தில்தான். பக்கத்தில் பெரிதாக ஏதாவது நடமாடும்போது.

அவளை அங்கே எல்லோரும் பொடிசு என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பதைத் தொடப்போகிற பொடிசு. அண்ணன் வீட்டில் கூப்பிட்டது வேலை இடத்துக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. சிலந்திகளையே கட்டிக்கொண்டு அழுததால் அண்ணனுக்கு அங்கே பெயர் எட்டுக்கால். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு, தான் அரை வயிறு தின்று அவளை முழு வயிறாக வளர்த்தவன். கல்யாணப் பேச்சை எடுத்தால், "வீட்ல ரெண்டு கால்ல ஒண்ணு, வேலைல எட்டுக் கால்ல முந்நூறு, இதுக்கு மேல என்னால தாங்க முடியாது" என்று சிரித்து மழுப்பிவிடுவான். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அவன் ஒருவன்தான். அந்த ஒருவனின் படுக்கை விடியும்போது காலியாகக் கிடந்தது.

சில வாரங்களாகவே ஆள் சரியில்லை. கட்டிக்கொடுத்த சாப்பாடு கட்டியபடியே திரும்பி வந்தது. முதலில் கோபமாக வந்தது அவளுக்கு, பிறகு பயமாக வந்தது. அவன் முகமும் கையும் சாம்பல் பூத்ததுபோல் மங்கிக்கொண்டே போயின. வெளிச்சம் ஆகாது என்று ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டான். நடுமுதுகு அரிக்கிறதென்று கதவு நிலையில் சாய்ந்து மேலும் கீழும் தேய்ப்பான். தேய்த்துத் தேய்த்து அங்கே வண்ணமே போய்விட்டது. எண்ணெய் தடவலாமே என்று ஒரு நாள் அவள் முதுகில் கை வைத்தாள். திரும்பி அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிச் சுவரோடு அடித்தான். அதுவரை அவளைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை அவன். அடித்துவிட்டு, தான் என்ன செய்தோம் என்பதே புரியாதவன்போல மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். அந்தக் கன்றல் இன்னும் அவள் கையில் ஊதா நிறத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு, முந்தாநாள்தான் கூடத்தில் அந்தச் சம்பவம். தட்டாதீர்கள் என்று எழுதிப்போட்டிருந்த கண்ணாடியை ஒருவர் மோதிரம் போட்ட விரலால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் இருட்டிலிருந்து வந்தான், அந்த விரலைப் பிடித்தான், பின்பக்கமாக மடக்கினான். சுள்ளி ஒடிகிற சத்தம். அந்த ஆள் அலறினார், இரண்டு பேர் இழுத்தார்கள், அவன் விடவில்லை. கடைசியில் பிரித்தெடுத்தபோது அவன் பல்லில் அவர் முழங்கைச் சதை ஒட்டிக்கொண்டிருந்தது. "இனி இவன் உள்ள கால் வெச்சா போலீஸ்தான்" என்றார் மேலாளர். நியாயம்தான். அவனிடமிருந்த சாவியைத்தான் யாரும் திருப்பி வாங்கவில்லை.

தீனி எடுக்காது. நிறம் மங்கும். ஒளிந்துகொள்ளும். தொட்டால் பாயும். இது எதற்கு அறிகுறி என்று அவளுக்குத் தெரியும். பார்வையாளர்களுக்கு வாய் வலிக்க அதைச் சொல்லிக்கொடுப்பதே அவள் வேலை. ஆனால் அது சிலந்திக்கு. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் வேறு வேலையில் புகுந்துகொள்வாள்.

இப்போதும் அதையே செய்தாள். ஹீட்டர் நின்றிருக்கும், குளிரில் விறைத்துப்போய்க் கத்தாமல் இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, கேரட் பையை நடைவழிச் சுவரோரம் வைத்துவிட்டு, இரவுக் கூடத்துக்குள் போனாள்.

அங்கே பகலும் ராத்திரியும் தலைகீழ். பார்வையாளர்கள் வரும் பகல் முழுக்கக் கூடம் இருட்டாக இருக்கும். இருட்டினால்தான் இவை வெளியே வரும், வேட்டையாடும். மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும்; அந்தச் சிவப்பு அவற்றுக்குக் கண்ணில் படாது. சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் வெள்ளை விளக்கு எரியும், விடிந்துவிட்டதென்று நம்பி அவை போய்ப் படுத்துக்கொள்ளும். "பூச்சிய ஏமாத்தித்தான் நாம சோறு திங்கிறோம்" என்பான் அண்ணன்.

வெளியே கண்ணைக் கூசும் வெயில். இரண்டு கனத்த கறுப்புத் திரைகளைத் தாண்டி உள்ளே வந்தால், நனைந்த மண்ணும் மக்கிய இலையும் மூச்சுக்குள் ஈரமாக இறங்க, கண்ணாடிகளுக்கு அந்தப் பக்கம் எதெதுவோ ஊர்ந்து உரசும் சின்னச் சின்னச் சத்தங்களோடு, அந்தச் சிவப்பு இருட்டு மெல்ல மெல்லக் கண்ணுக்குப் பழகும். பூரான் பெட்டியில் சாண் நீளப் பூரான் ஒரு கரப்பானைத் தன் கால்களுக்கெல்லாம் நடுவே கட்டிப்பிடித்து, தலையிலிருந்து தின்றுகொண்டிருந்தது. தலை போன பிறகும் கரப்பானின் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்துப் பெட்டியில் கும்பிடுபூச்சிப் பெண், நேற்று விட்ட ஆணின் இடுப்புவரை முடித்திருந்தது. இதெல்லாம் அவளுக்கு அன்றாடம். அன்றாடம் என்பதே அன்று அவளுக்கு ஒரு ஆறுதலாக இருந்தது.

தேள் பெட்டிக்கு வந்தபோது ஊதா டார்ச்சை எடுத்தாள். அந்த வெளிச்சம் பட்டால் தேள் பச்சையாக ஒளிரும். பார்வையாளர்கள் வாயைப் பிளக்கும் இடம் இதுதான். ஓடு முற்றிய தேள்தான் ஒளிரும். தோலை உரித்துவிட்டுப் புதிதாக வெளியே வந்தது ஒளிராது. உரித்துப்போட்ட பழைய சட்டை மட்டும் தனியாகக் கிடந்து ஒளிரும். போன வாரம் இதே இடத்தில், டார்ச் கை தவறித் திரும்பி, குனிந்திருந்த அண்ணனின் பிடரியில் பட்டது. பிடரி பச்சையாக ஒளிர்ந்தது.

"சலவைத்தூள் பொடிசு. தூள் போட்டுத் துவைச்ச துணியும் இதுல பளிச்சுன்னுதான் தெரியும்" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

துவைப்பவள் அவள். அவர்கள் வீட்டில் சோப்புக்கட்டிதான். பிடரியில் சட்டையும் இல்லை.

கடைசிப் பெட்டியில் ஒரு பெரிய சிலந்தி மல்லாந்து கிடந்தது. கால்கள் விரிந்து, வயிறு மேலே தெரிய, செத்ததுபோல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் செய்த முட்டாள்தனம் இதே மாதிரி ஒரு சிலந்தியிடம்தான். செத்துவிட்டதென்று நினைத்து இடுக்கியால் புரட்டினாள். அது உரித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த புதுத்தோல் பாலாடைபோல் கிழிந்து, வெளிர் நீலமாக ரத்தம் வழிந்து, சாயங்காலம்வரை துடித்துத் துடித்துத்தான் செத்தது. அண்ணன் திட்டவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"செத்தா காலு உள்பக்கமா சுருண்டுக்கும் பொடிசு. மல்லாந்து, கால விரிச்சுக் கிடந்தா உரிக்கிதுன்னு அர்த்தம். அப்ப நாலு விஷயம். தொடாத. வெளிச்சம் போடாத. ஈரம் குறைய விடாத. உள்ள தீனி கிடந்தா ஒண்ணு விடாம எடுத்துடு."

அந்த நீலம் இன்றைக்கும் அவள் கனவில் வரும்.

பெட்டியை விட்டு நிமிர்ந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் சுவர்க்கோழிகள் கத்தத் தொடங்கின. ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு எல்லாத் தொட்டியும். உள்ளே நடமாடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இப்போது அசையாமல் ஆகிவிட்டது.

தீனி அறை வாசலில் அண்ணனின் செருப்பு கிடந்தது. ஒழுங்காக, ஜோடியாக.

கதவைத் தள்ளினாள். உள்ளே வேக்காடு. ஹீட்டர் நன்றாகவே எரிந்தது. தொட்டி வரிசைகளுக்கு நடுவே தரையில் சாக்குகளை விரித்து, அதன்மேல் அண்ணன் கிடந்தான். மல்லாந்து. இடுப்பில் ஒரு துண்டைத் தவிர ஒன்றுமில்லை. உள்ளங்கைகள் மேலே பார்க்க, முழங்கால்கள் வெளிப்பக்கமாக விரிந்திருந்தன. கண் பாதி திறந்திருந்தது, அதன்மேல் வெண்மையாக ஆடை படிந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"அண்ணா."

சுவர்க்கோழிகள் காதைக் கிழித்தன.

ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அவளும் மண்டியிட்டுக் கையை நீட்டிவிட்டாள். தோளுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் கை நின்றது. அவன் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. மெதுவாக, நிதானமாக, உறைக்குள் கை நுழைவதுபோல. அசைந்தது தோல் இல்லை. தோலுக்குள் அவன்.

ஆம்புலன்ஸ் என்று ஒரு மனம் சொன்னது. பசியும் காய்ச்சலும் முற்றி ஆள் சாகக் கிடக்கிறான், கிளம்பு, கத்து, நாலு பேரைக் கூப்பிடு. இன்னொரு மனத்தில் இடுக்கி இருந்தது, கிழிந்த பாலாடை இருந்தது, சாயங்காலம்வரை அந்தத் துடிப்பு இருந்தது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

தொடவில்லை. வெள்ளை விளக்கை அணைத்து, சிவப்பை மட்டும் போட்டாள். மூலையில் கிடந்த சாக்குகளையெல்லாம் வாளியில் முக்கி, தண்ணீர் சொட்டச் சொட்டத் தொட்டி விளிம்புகளில் வரிசையாகத் தொங்கப்போட்டாள், பாதி உள்ளே, பாதி வெளியே. அறை சீக்கிரமே ஆவியடித்தது. அப்போது ஒரு தொட்டியின் அடி கண்ணில் பட்டது. தவிடு இல்லை. வெறும் கால்களும் இறக்கைகளும் ஒரு படுகையாகக் கிடந்தன. தீனி போடுவது அண்ணன் பொறுப்பு. அவன் போட்டு எத்தனை நாளாயிற்றோ, ஒன்றையொன்று தின்று பிழைத்துக் கிடக்கின்றன. பாவம், கேரட் போட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தபோதே நடைவழியில் காலடிச் சத்தம் கேட்டது. வெளியே வந்து கதவைப் பூட்டி, சாவியை உள்ளாடைக்குள் போட்டுக்கொண்டாள்.

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. நடைவழியில் பாதி தூரம் வந்தவர், செருப்பைப் பார்த்துவிட்டு நின்றார். அவருக்குப் பின்னால் டிக்கெட் கொடுக்கும் அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் உள்ள இருக்கானாம்மா?"

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க சார். நாளைக்கு நானே கூட்டிட்டுப் போயிடுறேன். இனிமே இந்தப் பக்கமே வர மாட்டோம்."

அவர் கதவின் சின்னக் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்தார். ஆவி படிந்திருந்தது. கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். முகம் மாறியது.

"என்னம்மா இது, மூச்சுப் பேச்சில்லாம கிடக்கான். கதவத் திற. நீ ஆம்புலன்ஸுக்குப் போன் போடும்மா" என்றார், பின்னால் இருந்தவளிடம்.

"வேணாம் சார். அவர் நல்லாத்தான் இருக்கார்."

"நல்லா இருக்கானா? கண்ணு நிலைகுத்திப் போயிருக்கு."

"இப்பத் தொட்டா கிழிஞ்சிடுவார் சார்."

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கோபக்காரரைக் காலில் விழுந்து நிறுத்தலாம், நல்லது செய்ய வந்தவரை எப்படி நிறுத்துவது? அவர் இடுப்பிலிருந்து மாற்றுச்சாவிக் கொத்தை எடுத்தார். அவள் தோளை மெல்லப் பிடித்து ஒதுக்கினார்.

"நீ அந்தப் பக்கம் உக்காரும்மா. எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

சாவி துவாரத்தில் நுழைந்தது.

சுவரில் சாய்த்திருந்த, ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பியை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. இரும்புக் கொக்கி அவர் மணிக்கட்டில் விழுந்தது, சாவிக்கொத்து எங்கோ தெறித்தது. எலும்பு உடைவது கையில் தெரிந்தது, காதில் கேட்பதற்கு முன்பே. அவர் குனிந்தார். முழங்காலில் ஒன்று. மடிந்து விழுந்தவர் ஒற்றைக் கையால் கதவுப் பிடியை எட்டிப் பிடித்தார். அப்போதும் திறக்கத்தான் பார்த்தார்.

"விடுங்க சார்" என்றாள். "விடுங்கன்னு சொல்றேன்ல." ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் அடி. கை, தோள், காது. காது கிழிந்து தொங்கியது. கொக்கியின் வளைந்த முனை கன்னத்தில் மாட்டிக்கொண்டது. அவள் இழுத்தாள், கன்னம் வந்தது. பல் ஒன்று சிமெண்ட் தரையில் துள்ளி உருண்டது. அவர் கை பிடியிலிருந்து நழுவிய பிறகும் இரண்டு முறை அடித்தாள், ஏனென்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை.

டிக்கெட் அக்கா பின்பக்கமாகவே நடந்து, நடந்து, திரும்பி ஓடினாள்.

போலீஸ் வரும். வரட்டும். அதற்குள் முடிந்துவிட்டால் போதும்.

அவள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். மேலாளரின் மூச்சு குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. ரத்தம் தரையில் பரவி அவள் பாவாடை ஓரத்தைத் தொட்டது. அவள் நகரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், சுவர்க்கோழிகளின் இரைச்சலுக்கு அடியில், வேறொரு சத்தம் தொடங்கியிருந்தது. ஈரத்துணியை யாரோ அவசரமே இல்லாமல் கிழிப்பதுபோல. கொஞ்சம் கிழியும். நிற்கும். ஒரு முனகல் வரும். மறுபடி கிழியும்.

அது அண்ணனின் முனகல்தான். சின்ன வயதில் மூட்டை தூக்கிவிட்டு வந்து ராத்திரி படுக்கும்போது முனகுவானே, அதே முனகல்.

அவளுக்கு அழுகை பொங்கியது. சந்தோஷ அழுகை. "மெதுவா அண்ணா" என்றாள் கதவோடு கன்னத்தை வைத்து. "அவசரமே இல்ல. நான் இங்கதான் இருக்கேன். யாரையும் விட மாட்டேன். மெதுவா வா."

ஏதோ ஒன்று ஈரமாகத் தரையில் சரிந்தது. பெருமூச்சு ஒன்று வந்தது, நீளமாக, நிம்மதியாக. முடிந்தது. முழுசாக வெளியே வந்துவிட்டான். இந்தத் தடவை அவள் எதையும் புரட்டவில்லை. இந்தத் தடவை அவள் தப்பே செய்யவில்லை.

அப்போதுதான் சுவர்க்கோழிகளின் சத்தம் குறைய ஆரம்பித்தது.

கதவோரத் தொட்டி நின்றது. அடுத்தது நின்றது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருவதுபோல வரிசையாக அடங்கின. எழுந்து நடக்கிறான் என்று நினைத்தாள். பெரிதாக ஏதாவது நடமாடினால்தானே இவை வாயடைக்கும். காலடியைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

காலடி இல்லை.

கடைசித் தொட்டியும் நின்றது. முழு நிசப்தம். அந்த நிசப்தத்துக்குள்ளிருந்து பொடிப்பொடியாக ஒரு சத்தம் எழுந்தது. நறநறவென்று. மிகச் சின்னதாக, ஆனால் அறை முழுக்க. அவளுக்குப் பழகிய சத்தம். கேரட் துண்டுகளைத் தொட்டியில் கொட்டியதும் சுவர்க்கோழிகள் கத்துவதை நிறுத்திவிட்டு எழுப்பும் சத்தம் அதுதான். சாப்பிடுகின்றன. நல்லவேளை, பட்டினி கிடந்தவை சாப்பிடட்டும்.

அவள் கண் எதிரே, நடைவழிச் சுவரோரத்தில், கேரட் பை இருந்தது.

முடிச்சு அவிழ்க்காமல்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தொடாத. வெளிச்சம் போடாத. ஈரம் குறைய விடாத.

நாலாவது.

அதற்குக் காரணமும் சொல்லியிருந்தான். "உரிச்சு வந்தது பஞ்சு மாதிரி இருக்கும் பொடிசு. கடிக்கத் தெரியாது, ஓடத் தெரியாது. அத்தாம் பெரிய சிலந்திய ஒரே ஒரு சுவர்க்கோழி உயிரோட தின்னு தீர்த்ததப் பார்த்திருக்கேன்." வழவழப்பான தொட்டியில் ஏற முடியாது அவற்றால். ஏற ஏதாவது இருந்தால்தான். சொரசொரப்பாக. ஈரச்சாக்குபோல.

பாதி உள்ளே. பாதி வெளியே.

உள்ளாடைக்குள் போட்ட சாவி கைக்கு வரவில்லை. வந்தது. ரத்தத்தில் வழுக்கியது. விழுந்தது. தேடினாள். எடுத்தாள். திறந்தாள். நடைவழி வெளிச்சம் உள்ளே விழுந்தது.

முதலில் தெரிந்தது அண்ணன். தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், தலை ஒரு பக்கம் தொங்க. மீசை. இமை முடி. நெற்றித் தழும்பு. அவள் இடுப்பில் செருகியிருந்த ஊதா டார்ச்சை எடுத்து அடித்தாள். அவன் முழு உடம்பும் பச்சையாக ஒளிர்ந்தது. கண் இருந்த இடத்தில் கண் இல்லை, வெறும் துளை. வாயும் துளை. பிடரியிலிருந்து இடுப்புவரை பிளந்த, உள்ளே ஒன்றுமில்லாத சட்டை. ஹீட்டர் காற்றில் அதன் விரல்கள் லேசாக ஆடின.

சட்டைக்கு அப்பால், தரையில், ஒளிராதது கிடந்தது.

ஆள் நீளத்துக்கு ஒரு பழுப்புப் போர்வை. போர்வை அசைந்தது. போர்வை முழுக்கக் கால்கள், மீசைகள், தலைகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இடம் கிடைக்காமல் முட்டி மோதி. சாக்கு வழியே இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் கால்மேல் ஏறி, அவளைச் சட்டை செய்யாமல், அங்கே ஓடின.

விழுந்து இரண்டு கையாலும் வாரினாள். கை நிறையச் சுவர்க்கோழி வந்தது. அதோடு வெள்ளையாக, மெத்தென்று, வெதுவெதுப்பாகவும் வந்தது. பாலாடை. கையை உதறினாள். வாரிய இடத்தில் ரத்தம் வெளிர் நீலமாக ஊறியது. அந்த இடத்தை உடனே மூடிக்கொண்டன.

தொட்டால் கிழிகிறான். தொடாவிட்டால் தின்கின்றன.

கைகளை அவன்மேல் விரித்தபடி, தொடாமல், எடுக்காமல், மண்டியிட்டபடியே இருந்துவிட்டாள்.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை எழுந்தது. நகம் இன்னும் இறுகாத, எலும்பு இன்னும் இறுகாத கை. பாதியில் அதன் எடையே தாங்காமல் மடங்கியது. தலை இருக்கும் இடத்தில் மொய்ப்பு ஒரு கணம் விலகியது. புத்தம்புது முகம். வயதே இல்லாத, சாம்பல் இல்லாத, பிறந்த குழந்தைபோல் வெளுத்த அண்ணன் முகம். கண்கள் தெளிவாக இருந்தன. அவளை அடையாளம் தெரிந்துகொண்டன. வாய் திறந்தது. பொடிசு என்று சொல்ல உதடு குவிந்தது. கத்துவதற்கு உள்ளே எதுவும் இன்னும் இறுகியிருக்கவில்லை. திறந்த வாய்க்குள் ஒன்று நுழைந்தது. பின்னாலேயே இன்னொன்று.

கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

வயிறு நிறைந்துவிட்ட ஒரு சுவர்க்கோழி, அவன் தோள்பக்கமிருந்து நகர்ந்து, இறக்கையைத் தூக்கிக்கொண்டு, கத்தத் தொடங்கியது.